தானா முளைக்கிற கனகாம்பரம்... உங்க வீட்டுல மட்டும் ஏன் முளைக்கல?

தஞ்சாவூர்க் கதம்பத்துல வாசனைக்கு மல்லி இருக்கு, மரிக்கொழுந்து இருக்கு. கனகாம்பரத்துக்கு வாசனையே கிடையாது. ஆனா, அந்த ஆரஞ்சு நிறம் இல்லாம கட்டினா அதை யாரும் கதம்பம்னு ஒத்துக்க மாட்டாங்க!

டெல்டா கிராமங்கள்ல கிணத்தடி, கொல்லைப்புறம், தென்னை மரத்தடினு யாரும் நடாமலேயே நின்ன செடி இது. இப்போ நர்சரியில காசு கொடுத்து வாங்கி வெச்சவங்க பலர், "ரெண்டு வருஷமாச்சு, பக்கத்துல ஒரு கன்னுகூட முளைக்கலையே"ன்னு கேட்கிறாங்க. தண்ணி, உரம்னு தேடுறதுக்கு முன்னாடி, வாங்கினது எந்த ரகம்னு பார்த்துடுங்க.

'டெல்லி கனகாம்பரம்'னு விற்கிற ரகம் விதையே வைக்காது. காரணம், அது மும்மடியம். அதாவது, வழக்கமா இரண்டு தொகுதியா இருக்கவேண்டிய குரோமோசோம்கள் இதில் மூன்று தொகுதியா இருக்கும். அதனால விதை உருவாகிற வேலை பாதியிலேயே நின்றுபோகும். நம்ம பூவன் வாழையும் இதே கதைதான். அதைப் பக்கக்கன்று எடுத்து வைக்கிற மாதிரி, டெல்லி கனகாம்பரத்தைத் தண்டு வெட்டித்தான் பெருக்கணும். அதிகம் முற்றாத நுனித்தண்டை நாலு விரல் நீளத்துக்கு வெட்டி, கீழ் இலைகளைக் கிள்ளிட்டு, மணல் கலந்த தேங்காய்நார்க் கழிவுல நிழலில் ஊன்றி வைக்கலாம்.

தானா முளைக்கிறது பழைய ஆரஞ்சு நாட்டு ரகம். தென்னிந்தியாவும் இலங்கையும்தான் இந்தச் செடிக்குப் பூர்வீகம். பூத்து முடிந்த கதிர் பழுப்பாகக் காய்ந்ததும், உள்ளே இருக்கிற ஒவ்வொரு காயிலும் நாலு விதை வரை இருக்கும். காய்ந்த காயின் இரண்டு பாதியும் வில் மாதிரி விறைப்பா நிற்கும். ஈரம் பட்டதும் அவற்றைச் சேர்த்துப் பிடித்திருக்கிற விளிம்பு விட்டுக்கொடுக்கும். 'டப்'புனு காய் பிளக்க, உள்ளே விதையைத் தாங்கியிருக்கும் சின்னக் கொக்கிகள் அதைச் சில அடி தூரத்துக்கு வீசிடும். ஸ்கூல் போற வழியில எச்சில் தொட்டு வெடிக்கவிட்ட பட்டாசுக்காய் ஞாபகம் இருக்கா? அதுவும் இதே குடும்பம்தான். மண் நனைகிற நேரம் பார்த்து விதை விழுறதுதான் இதில் உள்ள சாமர்த்தியம்.

ஆனா, சாமர்த்தியம் மட்டும் போதாது. முற்றமெல்லாம் சிமென்ட் போட்டாச்சுன்னா விதை எங்கே விழும்? கதிர்ல வர்ற பூவையெல்லாம் தினமும் பறிச்சுட்டா காயும் சரியாப் பிடிக்காது. ஒவ்வொரு செடியிலும் ஒன்றிரண்டு கதிரை விதைக்குன்னு விட்டுடுங்க. அடியிலிருந்து மேலாகப் பூக்கும் கதிர் என்பதால, மேலே பூ இருக்கும்போதே கீழே காய் முற்றிடும். பழுப்பானதும் மெல்லிய துணியைக் கட்டிவிடலாம். இல்லைன்னா, கதிரை வெட்டி ஒரு பாத்திரத்துல போட்டு, லேசாத் தண்ணி தெளிச்சு மூடிவைங்க. அரிசி பொரியிற மாதிரி சத்தம் கேட்கும்!

விதையை ரொம்ப நாள் வைக்காம விதைக்கிறது நல்லது. நம்ம ஊருக்கு ஆடி மாசம் சரியா இருக்கும். புரட்டாசிக்குள்ள கன்னு தேறிடும். ஐப்பசி மழைக்கு அப்புறம் முளைக்கிறதை நம்பினா கஷ்டம். டெல்டாவின் களிமண்ணுல தண்ணி ரெண்டு நாள் நின்னாலே பிஞ்சு வேர் அழுகிடும். அதனால மணலும் மக்கிய எருவும் கலந்து, மேட்டுப்பாத்தி போட்டு நடுங்க. பளபளன்னு எதிரெதிரா ஜோடி இலை விட்டிருக்கிற குட்டிச்செடியைக் களைன்னு பிடுங்கிடாதீங்க.

இன்னொரு விஷயம். தாய்ச்செடிக்கு அடியிலேயே முளைத்த கன்றை அங்கேயே விடாதீங்க. கனகாம்பரத்துக்குப் பெரிய எதிரி, வேரைத் தாக்கும் நூற்புழு. கண்ணுக்குத் தெரியாது, இலை மஞ்சளாகி, செடி குறுகும்போதுதான் சந்தேகமே வரும். வருஷக்கணக்கில் ஒரே இடத்துல கனகாம்பரம் நின்ற மண்ணுல இது பெருகியிருக்கும். கன்றை மண்ணோடு பெயர்க்காம, விதையாவே வேறு இடத்துக்கு மாத்துறது பாதுகாப்பு. புது இடத்துல வேப்பம்புண்ணாக்கு கலந்து, நடுநடுவே செண்டுமல்லி வைங்க. அதன் வேர் நூற்புழுவைக் கட்டுப்படுத்தும். கதம்பத்துக்கு இன்னொரு பூவும் ஆச்சு.