உடம்பு வலிக்கு உருளை – பார்த்து வாங்குவோம், பக்குவமாய் உருட்டுவோம்



பல மாதம் கழித்து நடவுக்குப் போகிறீர்கள். முதல் நாள் ஒன்றும் தெரிவதில்லை. மறுநாள் காலையில், "ராத்திரி நல்லாத்தானே படுத்தேன், இப்ப எழுந்திருக்கவே முடியலையே" என்கிறீர்கள். தொடை கனக்கிறது, கெண்டைக்கால் இழுக்கிறது. மூட்டை தூக்கிய ஆணுக்கும் இதே கதைதான்.

இந்த வலிக்கு இப்போது டவுன் கடைகளில் ஃபோம் ரோலர் என்ற நுரை உருளை விற்கிறார்கள். கபடி ஆடும் பிள்ளைகள் வாங்கி வந்து வீட்டில் வைத்திருப்பதையும் பார்த்திருப்பீர்கள். "இது நமக்கு ஆகுமா? எதை வாங்கணும்?" என்று பலர் கேட்பதால் இந்தப் பிரசுரம்.

வலி ஏன் வருகிறது?

பழக்கமில்லாத வேலையைத் திடீரென்று செய்யும்போது தசை இழைகளில் கண்ணுக்குத் தெரியாத சிறு சிறு சிதைவுகள் ஏற்படுகின்றன. உடம்பு அவற்றைத் தானே சரிசெய்து கொள்கிறது. அந்த நேரத்தில்தான் வலி. வேலை செய்த மறுநாள் தொடங்கி, இரண்டு மூன்று நாள் அதிகமாக இருந்து, பெரும்பாலும் ஒரு வாரத்துக்குள் அடங்கிவிடும். இது நோயல்ல.

உருளை என்ன செய்யும்?

தசையை மெதுவாக அழுத்தி உருட்டும்போது பிடிப்பு தளர்கிறது. வலி ஓரளவு குறைகிறது. மடக்கி நீட்ட இலகுவாகிறது. அவ்வளவுதான். உள்ளே இருக்கும் சிதைவை அது ஒட்டிவிடாது. கடைக்காரர் அதற்கு மேல் சொன்னால் நம்ப வேண்டாம்.

எதை வாங்குவது?

1. கெட்டித் தன்மை: மிருது, நடுத்தரம், கெட்டி என்று வகைகள் உண்டு. புதிதாக உபயோகிப்பவர்கள் மிருதுவானதையோ நடுத்தரமானதையோ எடுங்கள். நிறத்தை வைத்து முடிவு செய்யாதீர்கள். கம்பெனிக்குக் கம்பெனி நிறம் மாறும். கட்டைவிரலால் அழுத்திப் பாருங்கள். சற்றே அமுங்கி உடனே நிமிர வேண்டும். கல் மாதிரி இருந்தால் வேண்டாம். அமுங்கிய பள்ளம் அப்படியே நின்றால் அதுவும் வேண்டாம், சீக்கிரம் சப்பையாகிவிடும்.

2. மேற்பரப்பு: வழவழப்பானதே போதும். முண்டும் முடிச்சுமாக இருப்பது ஓரிடத்திலேயே அழுத்தித் தசையைக் கன்ற வைக்கும்.

3. அளவு: கால்களுக்கு மட்டும் என்றால் 30 சென்டிமீட்டர் நீளம் போதும். மேல்முதுகுக்கும் வேண்டுமென்றால் 45 சென்டிமீட்டர். குறுக்களவு 15 சென்டிமீட்டர் இருந்தால் நல்லது. புருஷன் பெண்டாட்டி இருவருக்கும் ஒன்றே போதும்.

4. விலை: மின்சாரத்தில் அதிரும் உருளை விலை அதிகம், நமக்கு அவசியமில்லை. வாங்க வசதி இல்லையென்றால் கவலை வேண்டாம். பூரிக்கட்டையில் பழைய துண்டைச் சுற்றி, கையால் பிடித்துத் தொடையிலும் கெண்டைக்காலிலும் உருட்டலாம்.

எப்படி உருட்டுவது?

தரையில் பாய் விரித்து உட்காருங்கள். கெண்டைக்காலுக்கு அடியில் உருளையை வையுங்கள். கைகளைப் பின்னால் ஊன்றி, முன்னும் பின்னும் மெதுவாக நகருங்கள். மூச்சை அடக்காதீர்கள். ஓரிடத்துக்கு அரை நிமிஷம் முதல் ஒரு நிமிஷம் போதும். இதமான வலி இருக்கலாம். பல்லைக் கடிக்கிற வலி கூடாது. கழுத்து, வயிறு, இடுப்பெலும்புக்கு மேலுள்ள கீழ்முதுகு, மூட்டுகள் ஆகிய இடங்களில் உருட்டவே கூடாது. வலிக்கிற முதுகில் ஆளை ஏறி மிதிக்கச் சொல்வதும் ஆபத்து.

யாருக்கு ஆகாது?

ஒரு கிராமத்தில் நான் நேரில் கண்டதைச் சொல்கிறேன். பிரசவமாகி மூன்று வாரமே ஆன ஒரு தாய்க்கு இடது கெண்டைக்காலில் வலி. அவள் கணவர் பாசத்தோடு இரண்டு நாளாய் எண்ணெய் போட்டு அழுத்தித் தேய்த்திருக்கிறார். நான் பார்த்தபோது இடது கால் வலது காலைவிடப் பருத்து, தொட்டால் சூடாக இருந்தது. உடனே ஆஸ்பத்திரிக்கு அனுப்பினோம். காலின் ரத்தக் குழாயில் ரத்தம் உறைந்திருந்தது. நல்ல வேளை, பிழைத்துக் கொண்டாள்.

அந்தக் கட்டி பெயர்ந்து நுரையீரலுக்குப் போனால் உயிருக்கே ஆபத்து. கர்ப்ப காலத்திலும், பிரசவத்துக்குப் பின் ஆறு வாரமும் இந்த அபாயம் கூடுதல். ஆகவே கணவன்மார்களே, தேய்ப்பதற்கு முன் இரண்டு காலையும் ஒப்பிட்டுப் பாருங்கள். ஒரு கால் மட்டும் வீங்கி, வலித்து, சூடாகவோ சிவந்தோ இருந்தால் கை வைக்காதீர்கள். அன்றே ஆஸ்பத்திரிக்குப் போங்கள். அதோடு மூச்சுத் திணறலோ நெஞ்சு வலியோ இருந்தால் தாமதியாமல் 108-க்குப் போன் செய்யுங்கள்.

எலும்பு முறிவு, புண், நரம்புச் சுருட்டல் உள்ளவர்கள், எலும்பு வலுவிழந்தவர்கள், சர்க்கரை நோயால் கால் மரத்தவர்கள், ரத்தம் உறையாமலிருக்க மாத்திரை சாப்பிடுபவர்கள், கர்ப்பிணிகள் ஆகியோர் டாக்டரைக் கேட்காமல் உருளையைத் தொட வேண்டாம். கடும் வேலைக்குப் பின் சிறுநீர் டீ டிகாக்ஷன் நிறத்தில் போனால் அதுவும் அவசரமே.

வேறு என்ன செய்யலாம்?

வலி என்று படுத்தே கிடக்காமல் மெல்ல நடமாடுங்கள். வெந்நீரில் குளியுங்கள். தண்ணீர் நிறையக் குடியுங்கள். பருப்பு, முட்டை, கீரை சேர்த்துக் கொள்ளுங்கள். புதிய வேலையை முதல் நாளே முழு மூச்சாகச் செய்யாமல் படிப்படியாகக் கூட்டுங்கள். கடையில் வலி மாத்திரை வாங்கித் தினமும் விழுங்காதீர்கள். வயிற்றில் புண்ணாகும், சிறுநீரகமும் கெடும். ஒரு வாரத்துக்கு மேல் வலி நீடித்தால் ஆரம்ப சுகாதார நிலையத்தில் காட்டுங்கள்.

கடைசியாக ஒன்று. வயலில் இருவரும் சேர்ந்துதான் குனிகிறீர்கள். வீடு திரும்பியதும் ஒருவர் திண்ணையில் சாய்கிறார். மற்றவர் அடுப்பு மூட்டுகிறார். அவள் தசைக்கும் ஓய்வு வேண்டாமா? நீங்கள் இரண்டு குடம் தண்ணீர் கொண்டு வந்து வைத்தால், எந்த உருளையும் தராத சுகம் அவளுக்குக் கிடைக்கும்.

வலியறிந்து உதவுவோம்! வளமாக வாழ்வோம்!