நிலவுக்கு 250

முழுநிலவைக் கைபேசியில் எடுத்தால் ஏன் வெள்ளைப் பொட்டாகவே விழுகிறது, எந்தக் கேமரா வாங்கலாம் என்று ஒரு வாசகர் கேட்டிருக்கிறார். ஃபிலிம் காலத்தில் இந்தத் தொல்லை இருந்திருக்காது என்றும் கூடவே ஒரு வரி. அப்போதும் இருந்தது. நிலவு வெயிலில் காயும் பாறை. சுற்றியுள்ள வானம்தான் இருட்டு. கேமராவின் மீட்டர் இரண்டையும் சேர்த்துச் சராசரி பார்த்து, காட்சியே இருட்டு என்று முடிவுகட்டி ஒளியை வாரி இறைக்கிறது, பாறை வெளுத்துப்போகிறது. பெரும்பாலான கைபேசிகளில் திரையில் நிலவைத் தொட்டு, பக்கத்தில் தோன்றும் சூரியக் குறியைக் கீழே இழுத்தால் வெளுப்பு அடங்கும். செலவில்லாத வழி என்பதால் கேட்டவருக்குச் சற்று ஏமாற்றமாகக்கூட இருக்கலாம்.

இந்தக் கணக்கை மனத்திலேயே போட்டுப் பேர்பெற்றவர் அமெரிக்காவின் ஆன்சல் ஆடம்ஸ். 1941-இன் இலையுதிர் காலத்தில் நியூ மெக்சிகோவில் ஹெர்னாண்டஸ் என்ற சிற்றூர் வழியாகக் காரில் போய்க்கொண்டிருந்தார். கல்லறைச் சிலுவைகளின் மேல் கடைசி வெயில். மலைகளுக்கு மேலே நிலவு. வண்டியை நிறுத்தி, 8-க்கு 10 அங்குல ஃபிலிம் போடும் பெரிய கேமராவை ஸ்டாண்டில் ஏற்றிவிட்டார்; லைட் மீட்டர் மட்டும் அகப்படவில்லை. ஆனால் நிலவின் ஒளிர்வு சதுர அடிக்கு 250 கேண்டில் என்பது நினைவில் இருந்தது. ஃபிலிமின் வேகம் 64. அதன் வர்க்கமூலம் 8. அப்பர்ச்சரை எஃப்/8-இல் வைத்து, 1/250 விநாடி திறந்தால் நிலவு நடுத்தரச் சாம்பலாக விழும். சாம்பலாக விழுந்தால் அது நிலவாகவே தெரியாது. வெளுப்பாகவும் இருக்க வேண்டும், அதன் திட்டுகளும் அழியக் கூடாது. அதற்கு நான்கு மடங்கு ஒளி: சுமார் 1/60. வானத்தைக் கருக்க லென்சில் மாட்டிய அடர்மஞ்சள் ஃபில்டர் மூன்றில் இரண்டு பங்கு ஒளியை விழுங்கிவிடும்: 1/20. அருகிலும் தொலைவிலும் உள்ளவை ஒன்றுபோல் தெளிவாக விழ எஃப்/32 வரை சுருக்கினால் நேரம் பதினாறு மடங்கு: கிட்டத்தட்ட ஒரு விநாடி. எடுத்தார். இரண்டாவது படத்துக்காக ஃபிலிம் ஹோல்டரைத் திருப்புவதற்குள் சிலுவைகள் மேலிருந்த வெயில் போய்விட்டது. இத்தனை எண்களை நினைவில் வைத்திருந்தவருக்கு எந்த ஆண்டு எடுத்தோம் என்பது மட்டும் பிற்பாடு குழம்பிவிட்டது. படத்தில் நிலவு நிற்கும் இடத்தை வைத்து வானியல் அறிந்தவர்கள்தான் தேதியைக் கணக்கிட்டுச் சொன்னார்கள்.

அப்படியானால் கருவி ஒரு பொருட்டே இல்லையா? ஆடத் தெரியாதவளுக்குக் கூடம் கோணல் என்போம். சில கூடங்கள் நிஜமாகவே கோணல்தான். சாதாரணக் கைபேசி லென்ஸ் நிலவைப் பெரிதாக இழுத்துக் காட்டாது. ஆடம்ஸின் படத்தில் சிலுவைகள் ஒவ்வொன்றும் கூர்மையாகத் தெரிவதற்கு அந்தப் பெரிய நெகட்டிவும் காரணம்; 35 மி.மீ. ஃபிலிமைப்போல் ஏறக்குறைய அறுபது மடங்கு பரப்பு அதற்கு. ஆனால் அந்தப் பரப்பில் நிலவு வெறும் ஓட்டையாக விழாமல் காத்தது 250 என்ற எண். அது கேமராவோடு சேர்த்து விற்கப்பட்டதல்ல.

ஃபிலிம் அபிமானிகளுக்கு வேறொரு வாதம் உண்டு. ரோலுக்கு 36 படம்தான் என்பதால் யோசித்து எடுத்தோம், அந்தக் கட்டுப்பாடே கலையைக் கற்றுக்கொடுத்தது என்பார்கள். பாதி சரி. சிக்கனம் கையைத் தடுக்கும். கையைத் திருத்துவது, செய்த பிழை உடனே கண்ணில் படுவதுதான். ரோல் கழுவி வருவதற்குள், எந்தப் படத்துக்கு என்ன ஷட்டர் வேகம் வைத்தோம் என்பதைக் குறித்து வைக்காதவர்கள் மறந்திருப்பார்கள். குறித்து வைத்தவர்கள் தேறினார்கள். இன்று திரையில் உடனே தெரியும் பிழையைப் பார்க்காமலே அடுத்த ஐம்பது படத்தைத் தட்டுகிறோமே, அது டிஜிட்டலின் குற்றமல்ல. ஆடம்ஸே 1981-இல் வெளிவந்த ‘தி நெகட்டிவ்’ நூலில் மின்னணுப் படத்தை அடுத்த பெரிய முன்னேற்றமாக எதிர்பார்த்து வரவேற்றிருக்கிறார்.

ஏக்கத்தில் முதலில் விட்டுப்போவது இருட்டறை. ஹெர்னாண்டஸ் நெகட்டிவில் முன்புறம் மிக மெலிந்து விழுந்திருந்தது; 1948-இல் அந்தப் பகுதியை மட்டும் ரசாயனத்தில் நனைத்து அடர்த்தி ஏற்றினார். அதற்குப் பிறகும் பல ஆண்டுகள் அதைத் திரும்பத் திரும்பப் பிரிண்ட் போட்டார். ஆரம்பகாலப் பிரிண்டுகளில் மேல்வானில் மேகக் கீற்றுகள் தெரியும். பிந்தியவற்றில் வானம் ஏறக்குறைய முழுக் கருப்பு. நெகட்டிவ் ஒன்றேதான், மாறியது தாளின் எந்தப் பகுதிக்கு எவ்வளவு ஒளி காட்டினார் என்பது. இன்று பழைய கேமராவைப் பெருந்தொகை கொடுத்து வாங்குகிறவர்களில் பலர் ரோலைக் கடையில் கொடுத்து, ஸ்கேன் செய்த கோப்பைக் கைபேசியில் வாங்கிக்கொண்டு அத்தோடு நிற்கிறார்கள். ஃபிலிம் மேல் நிஜமாக ஆசைப்படுகிறவர், கேமரா எதுவாக இருந்தாலும் சரி, ஒரு என்லார்ஜரைத் தேடட்டும். கருப்பு வெள்ளைத் தாளில் பிரிண்ட் போட ஜன்னலை அடைத்த குளியலறை, இருட்டறைச் சிவப்பு விளக்கு, ரசாயனத்துக்கு மூன்று தட்டு போதும்.