வாரம் 5 டிகிரி குறைக்க வேண்டும்: எந்த டிகிரி?

ஒரே குஞ்சுக் கொட்டகையில் இரண்டு உஷ்ணமானிகளைத் தொங்கவிட்டால், ஒன்று 95 என்றும் மற்றொன்று 35 என்றும் காட்டக்கூடும். இரண்டும் சரியே. முதலாவது பாரன்ஹீட் கணக்கு; இரண்டாவது சென்டிகிரேடு கணக்கு. சூடு ஒன்றுதான், எண்தான் வேறு. இது பள்ளிக்கூடத்துப் பாடம், விவசாயிக்கு இதனால் என்ன ஆகப்போகிறது என்று நினைப்பவர்கள் உண்டு. மார்கழிக் குளிரில் ஐம்பது குஞ்சுகளைப் பல்பு வெளிச்சத்தில் காப்பாற்ற வேண்டியவர் அப்படி இருந்துவிட முடியாது.

ஜவ்வாது மலை திருவண்ணாமலை, வேலூர், திருப்பத்தூர் ஆகிய மூன்று மாவட்டங்களில் பரவிக் கிடக்கிறது. சாமை, கேழ்வரகு, தேன், புளி, பலா இவற்றோடு ஆடும் நாட்டுக்கோழியும் மலைக் குடும்பங்களுக்கு அவசரத்துக்குக் கை கொடுப்பவை. தாய்க்கோழியோடு திரியும் குஞ்சுகளுக்கு உஷ்ணமானி தேவையில்லை. குளிர்ந்தால் அவை தாயின் இறக்கைக்குள் புகுந்துகொள்ளும். பொரிப்பகத்திலிருந்து ஒரு நாள் குஞ்சுகளை வாங்கி வந்து தாயில்லாமல் வளர்க்கும்போதுதான் தொல்லை. அங்கே பல்புதான் தாய். எவ்வளவு சூடு கொடுப்பது, எப்போது குறைப்பது என்பதை மனிதன்தான் பார்த்துக்கொள்ள வேண்டும்.

கோழி வளர்ப்பில் வெகு காலமாக வழங்கி வரும் விதி இது: முதல் வாரம் 95 டிகிரி, அதன் பிறகு வாரத்துக்கு 5 டிகிரி வீதம் குறைக்க வேண்டும். இந்த 95-ம் 5-ம் பாரன்ஹீட் டிகிரிகள். ஆனால் கடையில் கிடைக்கும் உஷ்ணமானிகளில் பல சென்டிகிரேடு காட்டுகின்றன. விதியைக் கேட்டு வந்தவர், 95 பாரன்ஹீட் என்பது 35 சென்டிகிரேடு என்று யாரிடமோ விசாரித்துச் சரியாகவே தொடங்கிவிடுகிறார். அடுத்த வாரம் "5 டிகிரி குறைக்க வேண்டும்" என்பது நினைவில் இருக்கிறது. பல்பை உயர்த்திக் கட்டி 35-ஐ 30 ஆக்குகிறார். மூன்றாம் வாரம் 25. நான்காம் வாரம் 20.

இங்கேதான் தவறு நேர்கிறது. விதிப்படி நான்காம் வாரத்தில் 80 டிகிரி பாரன்ஹீட் இருக்க வேண்டும். 20 டிகிரி சென்டிகிரேடு என்பதோ 68 டிகிரி பாரன்ஹீட்தான். முழுதாக 12 டிகிரி குறைவு. ஒரே நாளில் நடந்தால் யாருக்கும் தெரிந்துவிடும். வாரா வாரம் கொஞ்சம் கொஞ்சமாக நடப்பதால் தெரிவதில்லை. குளிர் தாங்காத குஞ்சுகள் ஒன்றன் மேல் ஒன்று ஏறிக் குவிந்து, அடியில் உள்ளவை மூச்சு முட்டிச் சாகின்றன. மிஞ்சியவை தீனி எடுக்காமல் சோர்ந்து நிற்கும். காரணம் தெரியாதவர் நோய் என்று நினைத்து மருந்து வாங்க ஓடுவார்.

சரியான கணக்கு இது. பாரன்ஹீட்டில் 5 டிகிரி குறைப்பது சென்டிகிரேடில் 2.8 டிகிரி குறைப்பதாகும். முதல் வாரம் 35; இரண்டாம் வாரம் 32; மூன்றாம் வாரம் 29 அல்லது 29.5, நான்காம் வாரம் 26.5 முதல் 27 வரை. ஏறக்குறைய வாரம் 3 டிகிரி சென்டிகிரேடு என்று வைத்துக்கொண்டால் தவறு வராது.

கிணறும் கைப்பிடிச் சுவரும்

95-ஐ 35 ஆக மாற்றும்போது 32 என்ற எண் கணக்கில் வருகிறது. 5-ஐ 2.8 ஆக மாற்றும்போது அது வருவதில்லை. ஏன் இந்த வேறுபாடு என்பது புரிந்துவிட்டால் கணக்கை மனப்பாடம் செய்ய வேண்டியதில்லை.

ஒரு கிணற்றில் தண்ணீர் எவ்வளவு ஆழத்தில் இருக்கிறது என்று இரண்டு பேர் கயிறு விட்டுப் பார்ப்பதாக வைத்துக்கொள்ளலாம். ஒருவர் தரை மட்டத்திலிருந்து முழக்கணக்கில் அளக்கிறார். மற்றவர் கைப்பிடிச் சுவரின் மேலிருந்து அடிக்கணக்கில் அளக்கிறார். சுவர் 3 அடி உயரம். முழம் என்பது ஒன்றரை அடி. முதலாமவர் 10 முழம் என்றால் அது 15 அடி. சுவரின் 3 அடியையும் கூட்டினால் இரண்டாமவரின் கணக்கு 18 அடி. இனி, ஒரு மாதத்தில் தண்ணீர் 2 முழம் இறங்கிவிட்டது என்று முதலாமவர் சொன்னால் இரண்டாமவர் என்ன சொல்வார்? 3 அடி இறங்கியது என்பார். சுவரின் உயரத்தையும் சேர்த்து 6 அடி இறங்கியது என்று எவரும் சொல்ல மாட்டார்கள்.

சென்டிகிரேடு என்பது முழம். பாரன்ஹீட் என்பது அடி. 32 என்பது கைப்பிடிச் சுவர். பனிக்கட்டி உருகும் சூட்டை சென்டிகிரேடு 0 என்கிறது, பாரன்ஹீட் 32 என்கிறது. தண்ணீர் கொதிக்கும் சூட்டை முன்னது 100 என்கிறது, பின்னது 212 என்கிறது. இடையில் உள்ள தூரத்தை ஒன்று 100 பங்காகவும் மற்றொன்று 180 பங்காகவும் பிரித்திருக்கின்றன. ஆகவே ஒரு சென்டிகிரேடு டிகிரி 1.8 பாரன்ஹீட் டிகிரிக்குச் சமம். "இப்போது சூடு எவ்வளவு" என்றால் சுவரையும் சேர்க்க வேண்டும். "எவ்வளவு ஏறியது, எவ்வளவு இறங்கியது" என்றால் சுவருக்கு அங்கே வேலையில்லை.

பாரன்ஹீட் என்பவர் 1686-ல் டான்சிக் நகரில் பிறந்து ஹாலந்தில் கருவிகள் செய்து வந்தவர். தம் அளவு முறையை 1724-ல் வெளியிட்டார். சுவீடன் நாட்டு வானியல் அறிஞர் செல்சியஸ் 1742-ல் நூறு பங்கு முறையைக் கொண்டுவந்தார். வேடிக்கை என்னவென்றால், அவர் கொதிநிலைக்கு 0 என்றும் உறைநிலைக்கு 100 என்றும் தலைகீழாக வைத்திருந்தார். பிறகுதான் அது திருப்பிப் போடப்பட்டது. சென்டிகிரேடு என்ற பெயரை 1948-ல் உலக நாடுகள் கூடி செல்சியஸ் என்று மாற்றின. எனவே சென்டிகிரேடு, செல்சியஸ் இரண்டும் ஒன்றே. பெட்டியில் எந்தப் பெயர் இருந்தாலும் குழம்ப வேண்டாம்.

நம் நாட்டில் 1956-ம் ஆண்டுச் சட்டத்தின்படி மெட்ரிக் அளவுகள் வந்தன. படியும் வீசையும் போய் லிட்டரும் கிலோவும் வந்தன. வானிலை அறிக்கையும் செல்சியஸ் பேசுகிறது. காய்ச்சல் மட்டும் இன்றும் பெரும்பாலும் பாரன்ஹீட்டிலேயே பேசப்படுகிறது. இரண்டையும் தெரிந்துகொண்டால்தான் காரியம் நடக்கும்.

வாய்க்கணக்கு

சென்டிகிரேடை பாரன்ஹீட் ஆக்க, எண்ணை இரட்டிக்க வேண்டும்; அதில் பத்தில் ஒரு பங்கைக் கழிக்க வேண்டும்; பிறகு 32 கூட்ட வேண்டும். உதாரணமாக 40: இரட்டித்தால் 80, பத்தில் ஒரு பங்கான 8 போனால் 72, அதோடு 32 சேர்ந்தால் 104. பென்சில் கூட வேண்டாம், விடையில் தசம அளவும் பிசகாது.

பாரன்ஹீட்டை சென்டிகிரேடு ஆக்க, முதலில் 32-ஐக் கழித்துவிட்டு, மீதியை 5-ஆல் பெருக்கி 9-ஆல் வகுக்க வேண்டும். 95-ல் 32 போனால் 63. 9-ஆல் வகுத்தால் 7. ஐந்து மடங்கு 35. ஏற்றம் இறக்கம் மட்டும் கேட்டால் இந்த இரண்டு கணக்கிலும் 32-ஐத் தொடவே கூடாது.

"இரட்டித்து 30 கூட்டு" என்று ஒரு குறுக்கு வழியும் சொல்லப்படுகிறது. குளிரா வெயிலா என்று பேச அது போதும். முட்டையிடம் அது செல்லாது. காற்றாடி வைத்த குஞ்சு பொரிப்பானுக்கு வேண்டியது 37.5 டிகிரி சென்டிகிரேடு, அதாவது சரியாக 99.5 டிகிரி பாரன்ஹீட். குறுக்கு வழியில் பார்த்தால் 105 வரும். அந்தச் சூட்டில் வைத்தால் 21 நாள் காத்திருந்தும் குஞ்சு கிடைக்காது, கூமுட்டைதான் மிஞ்சும்.

மலைக்கு வேறு கணக்கு

ஜவ்வாது மலையில் காவலூர் வானாய்வு நிலையம் கடல் மட்டத்துக்கு மேல் 725 மீட்டர் உயரத்தில் இருக்கிறது. வேலூர் நகரைவிட இது ஏறக்குறைய 500 மீட்டர் உயரம். ஆயிரம் மீட்டர் ஏறினால் காற்றின் சூடு சராசரியாக 6.5 டிகிரி சென்டிகிரேடு குறையும். ஆகவே வேலூரில் 40 டிகிரி அடிக்கும் பகலில் மலைமேல் சுமார் 36.7 டிகிரி இருக்கலாம். குறைவு 3.3 டிகிரி, பாரன்ஹீட்டில் சொன்னால் சுமார் 6 டிகிரி. இதுவும் இறக்கக் கணக்கு என்பதால் இங்கும் 32-க்கு இடமில்லை. உலக வெப்பம் 1.5 டிகிரிக்கு மேல் ஏறாமல் தடுக்க முயல்வதென்று 2015-ல் பாரிஸில் நாடுகள் ஒப்புக்கொண்டதும் அப்படியே. அது பாரன்ஹீட்டில் 2.7 டிகிரி.

கீழ்நாட்டில் கோழி வளர்ப்பவர் குளிர்காலத்தில் ஒரு குஞ்சுக்கு 2 வாட் வீதம் பல்பு போட்டுச் சமாளிப்பார். மலையில் பனி இரவுகளில் அது போதுகிறதா என்று உஷ்ணமானியைப் பார்த்தே முடிவு செய்ய வேண்டும். அதிலும் பள்ளமான இடங்களில் இரவில் குளிர்காற்று இறங்கித் தேங்கும். மேட்டில் உள்ள கொட்டகையைவிட அங்கே குளிர் அதிகம். உஷ்ணமானியைக் கூரையில் மாட்டிப் பயனில்லை. குஞ்சின் முதுகு உயரத்தில், உமிக்கு மேல் இரண்டு அங்குலத்தில், பல்பு வெளிச்சத்தின் ஓரத்தில் தொங்கவிட வேண்டும்.

குஞ்சுகளையும் கவனிக்க வேண்டும். பல்புக்கு அடியில் நெருக்கிக் கத்தினால் குளிர். ஓரத்துக்கு ஒதுங்கி அலகைத் திறந்து மூச்சு வாங்கினால் சூடு அதிகம். பரவலாக மேய்ந்து, படுத்தால் தனித்தனியாகப் படுத்தால் சரியான சூடு. உஷ்ணமானியும் குஞ்சும் மாறுபட்டுச் சொன்னால் குஞ்சின் பேச்சையே நம்பலாம்.

ஆட்டுக்குக் காய்ச்சலா?

மனிதனுக்கு 98.6 டிகிரி பாரன்ஹீட், அதாவது 37 டிகிரி சென்டிகிரேடு. அதே தெர்மாமீட்டரை ஆட்டின் ஆசனவாயில் வைத்துப் பார்த்து 103 என்று கண்டால் வீட்டில் கலவரம் உண்டாகும். வெள்ளாட்டுக்கு 102 முதல் 103.5 வரை இயல்பான சூடே. சென்டிகிரேடில் இது ஏறக்குறைய 39 முதல் 39.7. பசுவுக்குச் சுமார் 101.5. ஆட்டுக்கொல்லி நோய் கண்ட ஆட்டுக்கு 104 முதல் 106 வரை ஏறும். வெயிலில் மேய்ந்து மலையேறி வந்த ஆட்டை உடனே சோதித்தால் நல்ல ஆடும் காய்ச்சல் ஆடு போலத் தோன்றும். நிழலில் ஓய்வு கொடுத்த பிறகே பார்க்க வேண்டும்.

எண்கள் ஒளிரும் டிஜிட்டல் தெர்மாமீட்டர்கள் சிலவற்றில் ஒரு பொத்தானை அழுத்தினால் ஒரு முறையிலிருந்து மறு முறைக்கு மாறிவிடும். மூலையில் உள்ள சிறிய எழுத்தைப் பார்க்காமல் "40 தானே" என்று விட்டுவிடக் கூடாது. 40 சென்டிகிரேடு என்பது 104. ஆடு காய்ச்சலில் இருக்கிறது. கால்நடை மருத்துவரிடம் சொல்லும்போதும் எண்ணோடு பாரன்ஹீட்டா சென்டிகிரேடா என்பதையும் சேர்த்துச் சொல்ல வேண்டும்.

தடுப்பூசி மருந்திலும் இதே கவனம் வேண்டும். கோமாரித் தடுப்பூசியை 2 முதல் 8 டிகிரிக்குள் வைக்கச் சொல்வது சென்டிகிரேடில். பாரன்ஹீட்டில் அது ஏறத்தாழ 36 முதல் 46 வரை. பாரன்ஹீட் காட்டும் பெட்டியில் 8 என்று வைத்தால் அது உறைநிலைக்கும் வெகுவாகக் கீழே. மருந்து உறைந்து வீரியம் கெட்டுவிடும்.

வாங்கிய உஷ்ணமானி சரிதானா என்று கொதிநீரில் விட்டுப் பார்க்கும் பழக்கம் சிலருக்கு உண்டு. மலையில் அது ஏமாற்றும். உயரம் கூடக் கூடத் தண்ணீர் குறைந்த சூட்டிலேயே கொதிக்கும். காவலூர் உயரத்தில் 97.5 டிகிரி சென்டிகிரேடு அளவிலேயே கொதித்துவிடும். 100 வரவில்லை என்று நல்ல கருவியைத் தூக்கி எறிந்துவிடக் கூடாது. நொறுக்கிய ஐஸ் கட்டியில் கொஞ்சம் தண்ணீர் விட்டுக் கலக்கி அதில் வைத்தால் மலையிலும் கீழ்நாட்டிலும் 0 அல்லது 32 காட்ட வேண்டும். காய்ச்சல் தெர்மாமீட்டரைக் கொதிநீரில் விடவே கூடாது, வெடித்துவிடும். குஞ்சு பொரிப்பானின் உஷ்ணமானியைச் சோதிக்க, கைபொறுக்கும் வெதுவெதுப்பான தண்ணீரில் அதையும் நம்பகமான காய்ச்சல் தெர்மாமீட்டரையும் சேர்த்துப் பிடித்து ஐந்து நிமிடம் கழித்து இரண்டையும் ஒப்பிட்டால் போதும். அரை டிகிரி வித்தியாசம் தெரிந்தால் அதை ஒரு சீட்டில் எழுதிப் பெட்டியின் மேல் ஒட்டிவிட்டு, முட்டை வைக்கும்போதெல்லாம் அந்த அரை டிகிரியைக் கூட்டியோ கழித்தோ பார்த்துக்கொள்ளலாம்.