'படுக்கை இல்லை' என்று சொல்வதற்கு முன்

2021 மே மாதம், கொரோனா இரண்டாம் அலையின் உச்சத்தில், சென்னை ராஜீவ் காந்தி அரசு பொது மருத்துவமனை வாசலில் நோயாளிகளோடு ஆம்புலன்ஸ்கள் வரிசைகட்டி நின்றன. படுக்கைப் பற்றாக்குறை என்று அதற்கு ஒரு வரியில் காரணம் சொல்லிவிடுகிறோம். பற்றாக்குறை உண்மைதான். ஆனால் வரிசை எந்தக் கட்டத்தில், எந்த நேரத்தில் தேங்கும் என்பதைக் கணினியில் முன்கூட்டியே ஓட்டிப் பார்க்க முடியும். முன்பே அறியக்கூடிய நெரிசலுக்கு முன்பே தயாராவது மருத்துவமனையின் கடமை; அதைக் கேட்பது மக்களின் உரிமை.

ஒரே மருத்துவர் பார்க்கும் எளிய வரிசையை எடுத்துக்கொள்வோம். நோயாளிகள் ஒழுங்கற்ற இடைவெளிகளில் வருகிறார்கள்; ஒவ்வொருவரையும் பார்க்க ஆகும் நேரமும் மாறுபடுகிறது. மருத்துவரின் நேரத்தில் 80 சதவீதம் நிரம்பியிருந்தால், ஒருவரைப் பார்க்க ஆகும் சராசரி நேரத்தைப் போல சராசரியாக 4 மடங்கு காத்திருக்க நேரும். 90 சதவீதமானால் அது 9 மடங்கு. 95 ஆனால் 19 மடங்கு. உண்மையான அவசரப் பிரிவு இதைவிடச் சிக்கலானது. சிமுலேஷன் எனப்படும் கணினி உருவகம், பதிவிலிருந்து வார்டுக்கு மாற்றும்வரை ஒவ்வொரு கட்டத்தையும் திரும்பத் திரும்ப ஓட்டிக் காட்டும். உதாரணமாக, காய்ச்சலோடு வருவோரைத் தனியே பிரித்தால் தொற்று பரவுவது குறையும். ஆனால் ஊழியர்களும் இரண்டாகப் பிரிவதால், ஒருபக்கம் ஆள் சும்மா இருக்க, மறுபக்கம் மாரடைப்பு நோயாளி காத்துக் கிடக்கலாம். இந்தச் சிக்கலை எந்த நோயாளியையும் பணயம் வைக்காமல் சோதித்துப் பார்த்துவிடலாம்.

புதிய கிருமியின் போக்கு தெரியாதபோது கணக்கு பொய்த்துவிடாதா என்பது நியாயமான கேள்வி. பொய்க்கலாம். அதனால்தான் ஒற்றை எண்ணை நம்பாமல், மிதமான அலை, கடுமையான அலை எனப் பல நிலைகளில் எந்த ஏற்பாடு தாங்குகிறது என்று ஒப்பிட வேண்டும். செலவும் பெரிய தடையல்ல. சிம்பை (SimPy) போன்ற சிமுலேஷன் மென்பொருள்கள் இலவசம். நோயாளியின் பெயரும் தேவையில்லை, வந்த நேரமும் நகர்ந்த நேரமும் போதும். கணினி மருத்துவர்களை உருவாக்காது என்பதும் சரிதான். ஆனால் எந்த ஷிப்டில் எத்தனை பேர் குறைகிறார்கள் என்பதை அரசால் தட்டிக்கழிக்க முடியாத கணக்காக முன்வைக்கும். ஒன்று மட்டும் கூடாது: கணினியைக் காரணம் காட்டி யாரையும் திருப்பி அனுப்புவது.

அவசரச் சிகிச்சை தருவது அரசு, தனியார் மருத்துவர் அனைவருக்கும் கடமை என்று பரமானந்த் கட்டாரா வழக்கில் 1989-இல் உச்ச நீதிமன்றம் சொன்னது. ரயிலிலிருந்து விழுந்து தலையில் அடிபட்டவரை மேற்கு வங்க அரசு மருத்துவமனைகள் பல கைவிட்ட வழக்கில், 1996-இல், இப்படிச் சிகிச்சை தராதது உயிர்வாழும் உரிமையை மீறுவது என்றும் நிதியில்லை என்பது சாக்காகாது என்றும் தீர்ப்பளித்து, நோயாளிக்கு இழப்பீடும் வழங்கியது. காலியான படுக்கை எங்கே என்று உடனே அறிய மையத் தொடர்பு ஏற்பாடு வேண்டும் என்றும் அப்போதே வலியுறுத்தியது. எனவே சிகிச்சை மறுக்கப்பட்டால் காரணத்தை எழுத்தில் கேளுங்கள், நேரத்தைக் குறித்துவையுங்கள். தமிழ்நாட்டில் 104-இல் புகார் சொல்லலாம்; மாநில மனித உரிமை ஆணையத்தை அணுகலாம்; கட்டணம் வாங்கும் மருத்துவமனை என்றால் நுகர்வோர் ஆணையமும் உண்டு. அடுத்த அலை வரும்வரை காத்திருக்கவும் வேண்டாம். உங்கள் ஊர் அரசு மருத்துவமனையின் காத்திருப்பு நேரப் பதிவையும் நெரிசல்காலத் திட்டத்தையும் தகவல் அறியும் உரிமைச் சட்டத்தின்கீழ் இப்போதே கேளுங்கள். 30 நாட்களுக்குள் பதில் தரவேண்டும். திட்டமே இல்லை என்று பதில் வந்தால், அதுவே உங்கள் அடுத்த புகாருக்கு ஆதாரம்.