ட்ரிபிள் ஈ: போடும் பணம் திரும்புமா?

பிளஸ் டூ ரிசல்ட் வந்த மறுநாளே அட்மிஷன் ஏஜென்ட்டுகளின் போன் வர ஆரம்பித்துவிடும். கம்ப்யூட்டர் சயின்ஸ் கிடைக்காத வீடுகளிலும், அதன் விலை கட்டுப்படியாகாத வீடுகளிலும் அவர்கள் அவிழ்க்கும் அடுத்த சரக்கு ட்ரிபிள் ஈ எனப்படும் மின், மின்னணுப் பொறியியல். "ஐ.டி.க்கும் போகலாம், கோர் கம்பெனிக்கும் போகலாம், கவர்மென்ட் வேலையும் உண்டு" என்று மனப்பாடமாக ஒப்பிப்பார்கள். மூன்றுமே பொய்யில்லை. எந்த விலையில், எந்தக் கல்லூரியில் என்பதைத்தான் சொல்ல மாட்டார்கள்.

என் கட்சி இதுதான். கலந்தாய்வு மூலம் அரசு ஒதுக்கீட்டில், ஒழுங்காக லேப் நடக்கும் கல்லூரியில் கிடைத்தால், மின் பொறியியல் இன்றைக்கும் போட்ட பணத்துக்கு மோசம் செய்யாத படிப்பு. அதையே டொனேஷன் கொடுத்து வாங்கினால் பெரும்பாலும் நஷ்டக் கணக்கு.

சுயநிதிக் கல்லூரிகளின் கட்டணத்தை நிர்ணயிக்கத் தமிழ்நாட்டில் ஓய்வுபெற்ற நீதிபதி தலைமையில் ஒரு குழு இருக்கிறது. 2017-இல் அக்குழு அரசு ஒதுக்கீட்டுக்கு ஆண்டுக்கு 50,000 ரூபாய் என்றும், தேசிய அங்கீகாரம் பெற்ற பாடப்பிரிவுக்கு 55,000 என்றும் வைத்தது. மேனேஜ்மென்ட் கோட்டாவுக்கு 85,000, 87,000. உங்கள் கல்லூரிக்கு இப்போது நடப்பில் உள்ள தொகை எது என்று கேட்டுத் தெரிந்துகொள்ளுங்கள். அதற்கு மேல் "டெவலப்மென்ட்", "பிளேஸ்மென்ட் டிரெய்னிங்" என்று எந்தப் பெயரில் கேட்டாலும், எதற்காக என்று எழுதிய ரசீது வாங்குங்கள். கட்டாய நன்கொடை 1992-ஆம் ஆண்டுச் சட்டப்படி சிறைத் தண்டனைக்குரிய குற்றம். ரசீது கேட்டால் முகம் மாறுகிறது என்றால், அது எந்த வகைப் பணம் என்று புரிந்துகொள்ளலாம்.

இதில் எனக்கு விளங்காத ஒன்று உண்டு. கலந்தாய்வு முடிந்த பின்னும் ட்ரிபிள் ஈ இடங்கள் காலியாகக் கிடக்கும் கல்லூரிக்கே, ஏஜென்ட்டின் பேச்சைக் கேட்டு ஜூன் மாதமே முன்பணம் கட்டுகிறார்கள். சும்மா கிடக்கும் சீட்டுக்கு எதற்கு டொனேஷன்?

கடன் வாங்கிப் படிப்பவர்கள் ஒரு தாளை எடுத்துக் கணக்குப் போட்டுப் பாருங்கள். கல்லூரிக் கட்டணம், விடுதி, பஸ் எல்லாம் சேர்த்து ஆண்டுக்கு 1.25 லட்சம் வீதம் 5 லட்சம் கடன், வட்டி 10 சதவீதம் என்று வைத்துக்கொள்வோம். படிக்கும் 4 ஆண்டும் அதற்குப் பின் ஓராண்டும் தவணை கட்ட வேண்டியதில்லை. ஆனால் வட்டி ஓடிக்கொண்டேயிருக்கும். தனிவட்டியாகக் கணக்கிட்டாலே 1.75 லட்சம் ஆகிவிடும். ஆக 6.75 லட்சத்தைப் பத்தாண்டில் அடைக்க மாதத் தவணை சுமார் 8,900 ரூபாய். பையனின் முதல் சம்பளம் 18,000 என்றால் பாதி அங்கேயே போய்விடும். சென்னையிலோ ஓசூரிலோ அறை வாடகையும் சாப்பாடும் மீதியில்தான்.

குடும்ப ஆண்டு வருமானம் 4.5 லட்சத்துக்குள் இருந்தால் அந்த 1.75 லட்சம் வட்டியை மத்திய அரசே ஏற்கும் திட்டம் உண்டு. அப்போது தவணை சுமார் 6,600-க்கு இறங்கும். கல்லூரிக்கு நாக் அங்கீகாரமோ பாடப்பிரிவுக்கு என்.பி.ஏ. அங்கீகாரமோ இருக்க வேண்டும். படிப்பைப் பாதியில் விட்டால் மானியம் கிடையாது. 2024-இல் வந்த பிரதமர் வித்யாலட்சுமி கல்விக் கடன் திட்டத்தில் மேனேஜ்மென்ட் கோட்டா மாணவர்களுக்கு இடமேயில்லை. டொனேஷன் கொடுத்துச் சேர்பவர்கள் இழப்பது டொனேஷன் பணத்தை மட்டுமல்ல.

4 லட்சம் வரையிலான கல்விக் கடனுக்கு வங்கி சொத்துப் பிணை கேட்கக் கூடாது. "உங்க ஊர் எங்க கிளைக்குள்ள வராது" என்று திருப்பி அனுப்புவதையும் ரிசர்வ் வங்கி 2012-லேயே தடுத்துவிட்டது. மேலாளர் வாய்வார்த்தையாக மறுத்தால் நம்பி வந்துவிடாதீர்கள். வித்யாலட்சுமி இணையதளத்தில் விண்ணப்பித்து, பதிவு எண்ணை வைத்துக்கொள்ளுங்கள். பதில் சொல்லாமல் இழுத்தடித்தால் முதலில் வங்கிக்கே எழுத்தில் புகார் கொடுங்கள். 30 நாளில் தீராவிட்டால் ரிசர்வ் வங்கியின் குறைதீர்ப்பாளரிடம் போகலாம்; கட்டணம் இல்லை.

கடன் வாங்கும் முன் பார்க்க வேண்டியவை மாநில அரசின் சலுகைகள். 6 முதல் 12 வரை அரசுப் பள்ளியில் படித்தவருக்கு 7.5 சதவீத உள்ஒதுக்கீடு இருக்கிறது. அதில் சேர்ந்தால் கல்விக் கட்டணம், விடுதிக் கட்டணம் இரண்டையும் அரசே கட்டுகிறது. முதல் பட்டதாரிச் சலுகை கலந்தாய்வில் சேர்ந்தவருக்குத்தான். அண்ணனோ அக்காவோ ஏற்கெனவே பட்டதாரி என்றால் கிடையாது. ஆதிதிராவிடர், பழங்குடி மாணவர்களுக்கு, பெற்றோர் வருமானம் 2.5 லட்சத்துக்குள் இருந்தால் போஸ்ட் மெட்ரிக் உதவித்தொகை உண்டு. வருமானச் சான்றையும் முதல் பட்டதாரிச் சான்றையும் இ-சேவை மையத்தில் ரிசல்ட் வருமுன்பே வாங்கி வையுங்கள். கலந்தாய்வு நேரத்தில் தாலுகா ஆபீஸில் கூட்டம் தாங்காது.

அடுத்து, கல்லூரி. பிரோஷரில் இருக்கும் உச்சச் சம்பளம் ஒரே ஒரு மாணவருடையது. உங்களுக்கு வேண்டியது, எல்லோரையும் சம்பள வரிசையில் நிறுத்தினால் நடுவில் நிற்பவர் வாங்கும் தொகை. மத்திய அரசின் என்.ஐ.ஆர்.எஃப். தரவரிசைக்கு விண்ணப்பிக்கும் கல்லூரிகள் அந்தத் தொகையையும், எத்தனை பேர் குறித்த காலத்தில் தேறினார்கள், எத்தனை பேருக்கு வேலை கிடைத்தது என்பதையும் தங்கள் இணையதளத்திலேயே போட வேண்டும். அண்ணா பல்கலைக்கழகம் ஒவ்வொரு செமஸ்டருக்கும் கல்லூரிவாரித் தேர்ச்சி விகிதத்தை வெளியிடுகிறது. அரியர் மலிந்த கல்லூரியில் கேம்பஸ் இன்டர்வியூ பேச்சுக்கே அர்த்தமில்லை. அங்கீகாரத்திலும் ஒரு சூட்சுமம் உண்டு. நாக் முழுக் கல்லூரிக்கும் தருவது, என்.பி.ஏ. ஒவ்வொரு பாடப்பிரிவுக்கும் தனித்தனியாகத் தருவது. வாசலில் என்.பி.ஏ. பலகை தொங்கினாலும் அது ட்ரிபிள் ஈ-க்கா மெக்கானிக்கலுக்கா என்று கேளுங்கள். ஒரே ஆசிரியர் பெயர் பல கல்லூரிகளின் கணக்கில் இருந்ததை 2024 ஜூலையில் ஊழல் எதிர்ப்பு அமைப்பான அறப்போர் இயக்கம் வெளிக்கொண்டு வந்த பிறகு, ஆசிரியர் பட்டியலையும் கண்ணை மூடிக்கொண்டு நம்புவதற்கில்லை.

முடிந்தால் மெஷின்ஸ் லேபை நேரில் பாருங்கள். டி.சி. ஷன்ட் மோட்டாரில் லோடு டெஸ்ட் செய்யும்போது பிரேக் டிரம் சூடேறும். மாணவர்கள் தண்ணீர் ஊற்றிக்கொண்டே ரீடிங் எடுப்பார்கள். அப்படி நடக்கும் லேபில் டிரம்மும் பெல்ட்டும் தேய்ந்திருக்கும், தரையில் தண்ணீர்க் கறை இருக்கும். ரியோஸ்டாட் மேல் தூசி படிந்திருந்தால், சீனியரின் ரெக்கார்டு நோட்டைப் பார்த்து எழுதும் கல்லூரி அது.

வேலை விஷயத்தில் ஆசைக்கும் நடப்புக்கும் இடைவெளி பெரிது. கேட் நுழைவுத் தேர்வு மதிப்பெண்ணை வைத்துப் பவர்கிரிட், என்.டி.பி.சி. போன்ற பொதுத்துறை நிறுவனங்கள் ஆள் எடுக்கின்றன. அடிப்படைச் சம்பளமே 40,000 ரூபாயில் தொடங்கும். ஆனால் எடுப்பது சில நூறு பேரை. எழுதுவது நாடு முழுவதும். மறுபுறம், இந்தத் துறையின் தொழில் நம் ஊரிலேயே வளர்கிறது. முப்பந்தல் காற்றாலைகள், 2016-இல் தொடங்கிய 648 மெகாவாட் கமுதி சூரிய மின்நிலையம், ஓசூர், கிருஷ்ணகிரி பக்கம் மின்வாகனத் தொழிற்சாலைகள் எனக் களம் பரந்திருக்கிறது. அவற்றில் பராமரிப்பு வேலைக்கு டிப்ளமோக்காரரையும் எடுப்பார்கள், பட்டதாரியையும் எடுப்பார்கள். முதல் சம்பளத்தில் பெரிய வித்தியாசம் இருக்காது. அதனால்தான் கையில் பணமில்லாத வீட்டுக்கு, அரசு பாலிடெக்னிக்கில் டிப்ளமோ முடித்து, நேரடி இரண்டாம் ஆண்டில் பி.இ. சேரும் வழியை நான் முதலில் சொல்வேன்.

ஏஜென்ட் சொல்லாத வழிகள் இன்னும் இரண்டு உண்டு. ஒன்று, தொழிற்பழகுநர் பயிற்சி. தரமணியில் உள்ள தென்மண்டலப் பயிற்சி வாரியத்தின் மூலம் சேரலாம். 2019 விதிப்படி பட்டதாரிக்குக் குறைந்தது மாதம் 9,000 ரூபாய். தொகை சிறிது, அனுபவச் சான்று பெரிது. மற்றொன்று உரிமம். பட்டமும் அனுபவமும் இருந்தால் மின் உரிமம் வழங்கும் வாரியத்தில் மேற்பார்வையாளர் தகுதிச் சான்று வாங்கலாம். மின் ஒப்பந்ததாரராகத் தொழில் செய்ய அது அடிப்படை. கம்ப்யூட்டர் சயின்ஸ் பட்டதாரிக்கு இந்தக் கதவு கிடையாது.

சேர்ந்த பின் மனம் மாறினால்? வகுப்பு தொடங்கும் முன் விலகினால், அதிகபட்சம் 1,000 ரூபாய் பிடித்துக்கொண்டு மீதி முழுவதையும் திருப்பித் தர வேண்டும் என்பது தொழில்நுட்பக் கல்விக் கவுன்சிலான ஏ.ஐ.சி.டி.இ.-யின் விதி. அசல் மதிப்பெண் சான்றிதழ்களைக் கல்லூரி பிடித்து வைக்கவும் கூடாது. கட்டணப் பாக்கிக்குச் சான்றிதழை அடகுபோல வைத்துக்கொள்ள முடியாது என்று சென்னை உயர் நீதிமன்றமும் சொல்லியிருக்கிறது. முதலில் கல்லூரியின் மாணவர் குறைதீர்க்கும் குழு, அடுத்து பல்கலைக்கழகக் குறைகேட்பாளர், கூடவே ஏ.ஐ.சி.டி.இ. இணையப் புகார் என்று போங்கள். எல்லாம் எழுத்தில், தேதியோடு இருக்கட்டும். நுகர்வோர் நீதிமன்றத்தை மட்டும் நம்பிப் போகாதீர்கள். கல்வி நிறுவனங்கள் நுகர்வோர் சட்டத்துக்குள் வராது என்று 2020-இல் தேசிய நுகர்வோர் ஆணையம் தீர்ப்பளித்தது. உயர் நீதிமன்றம்வரை போக வசதியில்லாதவர்கள், பெண்கள், ஆதிதிராவிடர், பழங்குடியினர் மாவட்டச் சட்டப் பணிகள் ஆணைக்குழுவில் இலவசமாக வழக்கறிஞர் உதவி பெறலாம். உதவி எண் 15100.

பெற்றோருக்கு ஒரு வேண்டுகோள். எல்லாச் சுற்றும் முடிந்த பின் துணைக் கலந்தாய்வும் நடக்கும். அது முடியும்வரை ஏஜென்ட்டுக்கு முன்பணம் கொடுக்காதீர்கள், நகையை அடகுக் கடைக்குக் கொண்டுபோகாதீர்கள்.