வரால் கவ்வும் இரை

பெரும்பாணாற்றுப்படையில் ஓர் அரிய காட்சி உண்டு. பாண்மகன் ஒருவன் நெடிய மூங்கிற்கோலில் கட்டிய தூண்டிலில் இறைச்சியைக் கோத்து நீரில் இடுகிறான். வாளை மீன் இரையைக் கவ்விக்கொண்டு முள்ளில் சிக்காமல் தப்பிவிடுகிறது. தப்பிய மீன், நீரருகே நிற்கும் பிரம்பின் நிழல் அசைவதைக் கண்டாலும் நடுங்குகிறதாம். மீனும் பட்டறிவால் கற்கும் என்பதைக் கடியலூர் உருத்திரங்கண்ணனார் அன்றே கண்டிருந்தார். அத்தகைய உயிரைப் பிடிக்க முனைவோன் அதனைவிட மிகுதியாகக் கற்க வேண்டும் அல்லவா? அந்தக் கல்வி இரையைத் தேர்வதில் தொடங்குகிறது.

நான் வளர்ந்தது திருப்பூரில். ஞாயிற்றுக்கிழமைகளில் பனியன் கம்பெனிகள் ஓய்ந்திருக்கும் வேளையில், ஊத்துக்குளிப் பக்கத்துக் குளம் ஒன்றிற்குத் தூண்டிலுடன் செல்வேன். பெரிய வரால் பிடிக்க வேண்டும் என்பது ஆசை. கோதுமை மாவை உருட்டி முள்ளில் வைத்துக் காலை முழுதும் காத்திருந்தேன். சிறு கெண்டைகள் மாவைக் கொத்திச் சென்றனவேயன்றி, வரால் அருகில் வரவில்லை. கரையில் இருந்த முதியவர் ஒருவர் சிரித்தார். “கண்ணு, வரால் மாவு தின்னாது. ஓடுவதையும் துள்ளுவதையும்தான் அது தின்னும்” என்றார்.

அச்சொல்லின் உண்மையை மீனின் உடலமைப்பே காட்டும். கட்லாவின் வாய் மேல்நோக்கியது. அது நீரின் மேற்பரப்பை ஒட்டி மேயும். மிருகால் அடித்தளத்தில் மேயும். இவற்றிற்குத் தவிடும் கடலைப் பிண்ணாக்கும் பிசைந்த உருண்டை ஏற்றது. அது கரைந்து பரப்பும் மணமே மீனை அழைக்கும். வராலோ வேட்டையாடும் மீன். அகன்ற வாயும் கூரிய பற்களும் உடையது. தாமரையிலை, கோரை, நீர்ப்பாசி ஆகியவற்றின் ஓரத்தில் அசையாமல் மறைந்திருந்து, அருகில் வருவதை ஒரே பாய்ச்சலில் விழுங்கும். தவளை, கெண்டைக்குஞ்சு, மண்புழு ஆகியவை அதன் உணவு.

ஆகவே வராலுக்கு இரை தேர்வோர் மூன்றை எண்ண வேண்டும். முதலாவது, இரையின் அளவு. பெரிய மீன் ஒரு சிறு புழுவிற்காகத் தன் மறைவிடத்தை விட்டுப் பாய்வது அரிது. ஒரு வாய்க்கு நிறைவான தவளையளவு இரை வேண்டும். இரண்டாவது, அசைவு. இக்காலத்தில் ரப்பர்த் தவளைகள் கிடைக்கின்றன. உயிருள்ள தவளையை முள்ளில் குத்த வேண்டியதில்லை. முள்ளின் கூர் தவளையின் முதுகோடு ஒட்டி மறைந்திருப்பதால் அது பாசியில் சிக்காது. அதனைச் சற்றே இழுத்து, நிறுத்தி, மீண்டும் இழுத்தால் உயிருள்ளது போலத் தோன்றும். மூன்றாவது, நீரின் தெளிவு. தெளிந்த நீரில் இயற்கையை ஒத்த மங்கிய நிறம் நன்று. கலங்கிய நீரில் கண்ணுக்கு வேலை குறைவு. அங்கே மீன் தன் விலாவில் ஓடும் உணர்கோட்டினால் நீரின் அதிர்வை அறிகிறது. எனவே நீரைக் கிளறிச் செல்லும் இரையே வேண்டும்.

நீரே கெட்டால் இந்த அறிவெல்லாம் யாது பயன்? எங்கள் நொய்யலில் அதனைக் கண்டோம். பாசனத்திற்கெனக் கட்டப்பெற்று 1992-இல் நிறைவேறிய ஒரத்துப்பாளையம் அணை, சாயக்கழிவும் உப்பும் கலந்த நீரின் தேக்கமாயிற்று. 2011-இல் சென்னை உயர்நீதிமன்றம் சாயப்பட்டறைகளை மூடும்படி ஆணையிடும் அளவிற்கு நிலைமை முற்றியது. தூண்டிலைத் தூக்கிக்கொண்டு ஆற்றை விட்டுக் குளங்களைத் தேடிச் சென்றவர்களில் நானும் ஒருவன்.

இறுதியாக என் தவறு ஒன்றையும் சொல்ல வேண்டும். ஒரு மழைக்காலத்தில் அக்குளத்தின் மேற்பரப்பில் செந்நிறக் குஞ்சுகள் கூட்டமாக எழுந்து எழுந்து மூச்சு வாங்குவதைக் கண்டேன். வரால் காற்றையும் சுவாசிக்கும் மீன். குஞ்சுகளும் அதற்காகவே மேலே வருகின்றன. அவற்றின் கீழே பெற்ற மீன் காவல் இருக்கும் என்று கேட்டிருந்தேன். ரப்பர்த் தவளையைக் கூட்டத்தின் நடுவே இழுத்தேன். முதல் வீச்சிலேயே மீன் பாய்ந்து கவ்வியது. அதுவரை நான் பிடித்தவற்றில் அதுவே பெரியது.

மறுநாள் காலை சென்றபோது, மீன்கொத்தியும் கொக்கும் அவ்விடத்தை விட்டு அகலவில்லை. கீழிருந்து பிற மீன்களும் குஞ்சுகளைக் கவ்விக்கொண்டிருந்தன. காவல் இல்லாத கூட்டம் கண்ணெதிரே கரைந்தது. அந்த வரால் பசியால் கவ்வவில்லை. பகைவன் என்று எண்ணித் தன் குஞ்சுகளைக் காக்கவே கவ்வியது. அதனை என் திறமை என்று முந்தைய நாள் ஊரெல்லாம் சொல்லித் திரிந்திருந்தேன்.

அன்று முதல் செந்நிறக் கூட்டத்தைக் கண்டால் தூண்டிலைச் சுருட்டிக்கொள்கிறேன். மாணவ நண்பர்களே, எந்த மீன் எந்த இரையை விரும்பும் என்று கற்றுக்கொள்ளுங்கள். அதனோடு, எந்த நாளில் இரையே இடலாகாது என்பதையும் கற்றுக்கொள்ளுங்கள். அடுத்த ஆண்டும் குளத்தில் வரால் இருக்க வேண்டும் அன்றோ?