மூளைக்கு மதிப்பெண் போடும் திரை
நியூரோஃபீட்பேக் பயிற்சிக்குப் போகும் முன்…

நாற்காலியில் உட்காரவைத்து, தலையில் இரண்டு மூன்று ஒயர்களை ஒட்டுகிறார்கள். எதிரே திரையில் ஒரு கார் ஓடுகிறது. கையில் ரிமோட்டோ பட்டனோ இல்லை. மூளை அலைகள் எதிர்பார்த்த அளவில் இருந்தால் கார் முன்னேறும், மாறினால் நின்றுவிடும். நியூரோஃபீட்பேக் பயிற்சி வெளிப்பார்வைக்கு இவ்வளவுதான். கவனக்குறைவு, தூக்கமின்மை, பதற்றம், தலைக்காயத்துக்குப் பிந்தைய மறதி எனப் பல பிரச்சினைகளுக்கு இதைச் செய்துபார்க்கச் சொல்கிறார்கள்.

ஒயர் என்றதும் பலருக்கும் வரும் பயம், மின்சாரம் உள்ளே போகுமோ என்பது. போகாது. இங்கே மின்சாரத்தின் பாதை ஒருவழிப் பாதை. மூளையின் நரம்பணுக்கள் சேர்ந்து எழுப்பும் மின் அதிர்வு உச்சந்தலைத் தோலில் சில பத்து மைக்ரோவோல்ட் அளவில்தான் இருக்கும். அதை அளந்து பெருக்கிக் காட்டுவது மட்டுமே கருவியின் வேலை. மண்டையோட்டின் மேலிருந்து மின்சாரமோ காந்தப்புலமோ செலுத்தும் சிகிச்சைகள் வேறு.

பூனைகள் கற்ற பாடம்

மனித மூளையின் மின் அலைகளை 1924-ல் முதன்முதலாகப் பதிவு செய்தவர் ஜெர்மனியின் யேனா நகர மனநல மருத்துவர் ஹான்ஸ் பெர்கர். அந்த அலைகளை நாமே மாற்ற முடியும் என்ற எண்ணம் வலுப்பட்டது 1960-களில்தான். சிகாகோவில் ஜோ காமியா, ஆல்ஃபா எனப்படும் மூளை அலை எழும்போதெல்லாம் அதைத் தெரியப்படுத்தினால் மனிதர்கள் தங்கள் நிலையை அடையாளம் காணப் பழகுகிறார்கள் என்று கண்டார். கலிபோர்னியாவில் பாரி ஸ்டெர்மன், விநாடிக்கு 12 முதல் 15 சுற்று வரையிலான ஓர் அலை எழுந்தால் பால் கலந்த உணவு கிடைக்கும் என்று பூனைகளைப் பழக்கினார். பிறகு ராக்கெட் எரிபொருளாகப் பயன்படும் ஒரு நச்சு ரசாயனத்தைச் சோதித்தபோது, அந்தப் பூனைகளுக்கு வலிப்பு வரத் தாமதமானது. 1972-ல் வலிப்பு நோயாளி ஒருவருக்கு அளித்த பயிற்சியைப் பற்றி அவர் கட்டுரை வெளியிட்டார். டென்னசி பல்கலைக்கழகத்தின் ஜோயல் லூபார் இதே முறையைத் துறுதுறுப்பும் கவனக்குறைவும் உள்ள குழந்தைகளிடம் கொண்டுபோனார்.

முதல் நாள் என்ன நடக்கும்?

முதல் சந்திப்பில் பெரும்பாலும் பேச்சுதான். என்ன தொந்தரவு, என்ன மருந்து, தூக்கம் எப்படி, வலிப்போ தலைக்காயமோ உண்டா என்று கேட்பார்கள். சில இடங்களில் 19 மின்முனைகள் கொண்ட தொப்பியை மாட்டி, கண்ணைத் திறந்தும் மூடியும் மூளை அலைப் பதிவு (இ.இ.ஜி.) எடுத்து, வண்ணப் படமாக அச்சிட்டுத் தருவார்கள். சிவப்பும் நீலமுமாக இருக்கும் அந்தப் படத்தைப் பார்த்து மிரள வேண்டாம். அது மற்றவர்களின் பதிவுகளோடு செய்யும் புள்ளிவிவர ஒப்பீடு. அதை மட்டும் வைத்து எந்த மனநோயையும் உறுதிசெய்ய முடியாது.

அன்று தலைக்கு எண்ணெய் வைக்கக் கூடாது. ஷாம்பு போட்டுக் குளித்து, முடியை நன்றாக உலர்த்திவிட்டுப் போவது நல்லது. எண்ணெய்ப் பிசுக்கு இருந்தால் மின்முனை சரியாகப் பிடிக்காது. தோலை லேசாகத் தேய்த்துச் சுத்தம் செய்து, பசை போன்ற ஒரு களிம்பை வைத்து மின்முனையை ஒட்டுவார்கள். காது மடலில் கிளிப் மாட்டுவார்கள். வலிக்காது, ஆனால் வீட்டுக்கு வந்து மறுபடி தலைகுளிக்க வேண்டியிருக்கும்.

பயிற்சி தொடங்கியதும் ஒரு சிறு சோதனை செய்துபாருங்கள். பல்லைக் கடியுங்கள், கண்ணைச் சிமிட்டுங்கள். திரையில் கோடுகள் தாறுமாறாகத் துள்ளும். தசையின் மின்சாரம் மூளையின் மின்சாரத்தைவிடப் பல மடங்கு பெரிது. பயிற்றுநர் அதைக் கண்டுபிடித்து நீக்குகிறாரா என்று கவனியுங்கள். கவனிக்காதவரிடம் போனால், தாடையை அசைக்காமல் இருக்கத்தான் பழகுவீர்கள்.

முயன்றால் வராது

‘நான் என்ன செய்ய வேண்டும்?’ என்று கேட்டால், பல பயிற்றுநர்கள் ‘ஒன்றும் செய்ய வேண்டாம், பாருங்கள்’ என்பார்கள். அது மழுப்பல் அல்ல. தூங்கியே தீருவேன் என்று கண்ணை இறுக்கிக்கொள்பவரிடம் தூக்கம் வராததைப் போல, காரை ஓட்டியே தீருவேன் என்று முறுக்கிக்கொண்டால் கார் நின்றுபோகும். சரியான அலை எழுந்த நொடியிலேயே பரிசு கிடைப்பதால், எந்த நிலைக்குப் பரிசு வருகிறது என்று மூளை மெல்லப் பழகும் என்பதே இதன் அடிப்படை.

ஓர் அமர்வு 45 நிமிடத்திலிருந்து ஒரு மணி நேரம் வரை ஆகும். அதில் பயிற்சி 20, 30 நிமிடம்தான். வாரத்துக்கு இரண்டு மூன்று முறை, மொத்தம் 30 முதல் 40 அமர்வுகள் வரை சொல்வது வழக்கம். சிலருக்கு அசதி, தலைவலி, எரிச்சல், தூக்கத்தில் மாற்றம் வரலாம். வந்தால் அடுத்த அமர்வுக்கு முன்பே சொல்லிவிட வேண்டும். சாப்பிடும் மாத்திரையை, முக்கியமாக வலிப்பு மாத்திரையை, மருத்துவரைக் கேட்காமல் குறைக்கவே கூடாது.

பலன் எதனால் வருகிறது?

அறிவியல் உலகம் பிளவுபட்டிருப்பது இந்த இடத்தில்தான். பயிற்சிக்குப் பிறகு முன்னேற்றம் தெரிகிறது என்று பெற்றோரும் நோயாளிகளும் சொல்வது உண்மை. ஆனால், யாருக்கு உண்மையான பயிற்சி, யாருக்குத் தன் மூளை அலையோடு தொடர்பில்லாமல் திரை ஓடும் போலிப் பயிற்சி என்று எவருக்கும் தெரியாமல் நடத்திய ஆய்வுகளில் கதை மாறுகிறது. அமெரிக்காவில் கவனக்குறைவு உள்ள 144 குழந்தைகளிடம் நடந்த ஓர் ஆய்வின் முடிவு 2021-ல் வெளியானது. 38 அமர்வுகளுக்குப் பிறகு இரண்டு குழுக்களுமே முன்னேறியிருந்தன; இரண்டுக்கும் இடையே குறிப்பிடத்தக்க வேறுபாடு இல்லை. தூக்கமின்மை பற்றி ஆஸ்திரியாவின் சால்ஸ்பர்க் ஆய்வாளர்கள் 2017-ல் வெளியிட்டதும் இதையே சொன்னது. கவனக்குறைவு பற்றிய 38 ஆய்வுகளைத் தொகுத்து 2024-ல் வந்த மதிப்பீடும், ஒட்டுமொத்தமாகப் பார்க்கையில் சொல்லிக்கொள்ளும்படியான பலன் இல்லை என்றே முடித்தது.

வாரம் தவறாமல் போவது, அரை மணி நேரம் ஆடாமல் அசையாமல் உட்கார்வது, ஒருவர் பொறுமையாக உற்சாகப்படுத்துவது, குணமாகும் என்ற நம்பிக்கை ஆகிய எல்லாமே மனிதரை மாற்றக்கூடியவை. போலிப் பயிற்சியிலும் இவை இருந்தன. தலைக்காயம் போன்ற வேறு பிரச்சினைகளில் பெங்களூரு நிம்ஹான்ஸ் உள்ளிட்ட நிறுவனங்களில் ஆய்வுகள் நடந்துள்ளன. கவனக்குறைவுக்கு வந்த முடிவை அவற்றுக்கு அப்படியே பொருத்த முடியாது. அவற்றின் நல்ல முடிவுகளைக் காட்டி எல்லா நோய்க்கும் மருந்து என்று விற்கவும் முடியாது.

ஆகவே, திரையில் ஏறும் மதிப்பெண் உங்கள் அளவுகோலாக இருக்கக் கூடாது. கார் வேகமாக ஓடுவதும் பிள்ளை வீட்டுப்பாடத்தை முடிப்பதும் வேறு வேறு. பயிற்சி தொடங்கும் முன்பே அன்றாடத்திலிருந்து இரண்டு மூன்று அளவுகளை எழுதிவையுங்கள்: படுத்தபின் தூங்க எவ்வளவு நேரமாகிறது, வாரத்தில் எத்தனை நாள் தலைவலி, எழுந்திருக்காமல் எத்தனை நிமிடம் படிக்க முடிகிறது. மொத்தப் பணத்தையும் முன்கூட்டியே கட்டாமல், பத்து அமர்வு முடிந்ததும் இந்தக் கணக்கைப் பயிற்றுநரோடு சேர்ந்து பாருங்கள். மாற்றம் இல்லையென்றால் நிறுத்திவிடலாமா என்று முதல் நாளே கேளுங்கள். ‘நிறுத்தலாம்’ என்று தயங்காமல் சொல்பவரிடம் பயிற்சி எடுக்கலாம்.